நாவலர் கேட்ட பணமும் கேளாது விட்ட கேள்வியும்

ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்து மக நட்சத்திர நாளில் நல்லைநகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரின் குருபூசை நடைபெறுகின்றது. ஆலயங்களிலும் பாடசாலைகளிலும் சொற்பொழிவுகள் நிகழும். தமிழ் வசனநடைக்கு அவர் ஆற்றிய தொண்டு, ஏட்டுச் சுவடிகளைப் பிழையற அச்சிற் பதிப்பித்த உழைப்பு, பஞ்ச காலத்திற் கஞ்சித்தொட்டி அமைத்த கருணை ஆகியவை எடுத்துரைக்கப்படும். பாடசாலைகளுக்கு அரசாங்கம் வழங்கும் பணத்தின் பேரில் அவர் நடத்திய வழக்கு மட்டும் பெரும்பாலும் பேசப்படாமலே போய்விடுகின்றது. சமயம் போதிக்கும் பாடசாலைக்குப் பொதுப்பணம் செல்லலாமா, செல்வதானால் யாருடைய சமயத்துக்குச் செல்லவேண்டும் என்ற கேள்வி இந்நாட்டில் இன்றும் முடிவுறாத ஒன்று. அதனை முதன்முதல் உரத்த குரலில் எழுப்பியவர்களுள் ஒருவர் என்ற வகையில் நாவலரின் வாழ்வை இங்கு நோக்குவது பொருத்தமென நாம் கருதுகின்றோம்.

1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகனாக ஆறுமுகம் பிறந்தார். சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் போன்ற மரபுவழி ஆசிரியர்களிடம் தமிழ் கற்றார். ஆங்கிலம் கற்கும் பொருட்டு யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலைக்குச் சென்றார். பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக வளர்ந்தது அப்பாடசாலையே. அதனை நடத்திய பீற்றர் பேர்சிவல் பாதிரியார், இருபது வயதும் நிரம்பாத அந்த மாணவரை அங்கேயே ஆசிரியராக அமர்த்தினார். கீழ்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புகளுக்குத் தமிழும் அவர் கற்பித்தார். அத்துடன் நில்லாது, பேர்சிவல் மேற்கொண்ட வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் பல ஆண்டுகள் துணைபுரிந்தார்.

இதனைச் சிலர் ஒருவித சங்கடத்துடனேயே குறிப்பிடுவதுண்டு. சங்கடப்பட இதில் ஏதுமில்லை. காலையில் நீறணிந்து சிவபூசை செய்துவிட்டு, பகலிற் பாதிரியாருடன் அமர்ந்து கிறிஸ்தவ வேதத்துக்குத் தகுந்த தமிழ்ச் சொல்லைத் தேடிய ஓர் இளைஞரால், எதிர்த்தரப்பின் நூலையும் முறையையும் உள்ளிருந்தே அறிய முடிந்தது. வகுப்புவாரியாகக் கற்பிக்கும் ஒழுங்கு, அச்சிட்ட பாடநூல், வினாவிடை வடிவிலான சமய பாடம், வாரந்தோறும் பிரசங்கம் ஆகிய நான்கையும் அவர் மிஷனரிமாரிடமே கற்றார். அவற்றைக் கொண்டே பின்னர் அவர்களை எதிர்த்து நின்றார்.

அக்காலப் பாடசாலைகளின் நிலையை இவ்விடத்திற் சற்று விளக்க வேண்டும். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தொடங்கின. கிராமங்கள்தோறும் சிறு பாடசாலைகள் எழுந்தன. வானசாஸ்திரமும் கணிதமும் ஆங்கிலமும் அங்கே தரமாகக் கற்பிக்கப்பட்டன என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் பாடசாலை வாசலிலேயே ஒரு நிபந்தனையும் இருந்தது. வேதாகம வகுப்பும் ஜெபமும் அங்கு கல்வியின் பகுதிகள். நெற்றியில் நீறணிந்து வரும் சிறுவன் அதனை அழித்துவிட்டே உட்கார வேண்டியிருந்ததென்று யாழ்ப்பாணத்திற் பரம்பரையாகச் சொல்லப்பட்டு வருகின்றது. உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலத்துக்கு மிஷன் பாடசாலை வேண்டும், மிஷன் பாடசாலைக்கு ஞானஸ்நானம் பெறாவிடினும் பெறுவதுபோன்ற ஒரு பாவனையாவது வேண்டும். அக்காலப் பெற்றோர் பலர் இந்தச் சங்கிலியிற் கட்டுண்டிருந்தனர். உத்தியோகம் கிடைத்ததும் மீண்டும் நீறு பூசிக்கொண்டவர் தொகை குறைவன்று. மாணவர் கல்வியைப் பெற்றுக்கொண்டு சமயத்தை விட்டுவிடுகின்றனர் என்ற ஏமாற்றமே 1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்று.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் ஆலயத்தில் நாவலரின் முதலாவது பிரசங்கம் நிகழ்ந்தது. அப்போது அவர் மிஷன் பாடசாலையின் சம்பளம் பெறும் ஆசிரியர். ஒரே வேளையில் இரண்டு இடங்களில் நிற்பது நெடுநாள் இயலாதென்பதை அவரும் உணர்ந்திருந்தார், பேர்சிவலும் உணர்ந்திருந்தார். சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லியும் நில்லாது 1848இல் அவர் அப்பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இருவருக்கும் இடையே பகை மூண்டதாகத் தெரியவில்லை. பேர்சிவல் பின்னர் சென்னை சென்று, மிஷன் பணியை விட்டு, பேராசிரியராகவும் தினவர்த்தமானி என்ற பத்திரிகையின் நிறுவனராகவும் விளங்கியது தனிக்கதை.

பணமில்லாத பாடசாலை அது. மாணவரிடம் கட்டணம் பெறப்படவில்லை. ஆசிரியர்கள் தொடக்கத்தில் வேதனமின்றியே கற்பித்தனர். வண்ணார்பண்ணை வர்த்தகர்களின் உதவியும் வீடுகளிற் சேர்த்த பிடியரிசியுமே ஆதாரம். அடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்குவதற்காகத் தமிழகம் சென்றபோது திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டத்தை வழங்கியது. வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்து பாலபாடங்களும் சைவ வினாவிடைகளும் 1852இற் பெரியபுராண வசனமும் வெளிவந்தன. பாலபாடம் வெறும் சமய நூலன்று. எழுத்து, ஒழுக்கம், உடல்நலம், உலகியல் ஆகிய யாவும் சைவச் சூழலில் வைத்துச் சொல்லப்பட்ட முழுமையான வாசிப்பு வரிசை அது. மிஷன் பாடநூலுக்கு மாற்றுநூல் இல்லை என்ற சாட்டு அத்துடன் நீங்கியது.

அரசாங்கத்தின் போக்கு இக்காலத்தில் எவ்வாறிருந்தது? 1841இல் அமைக்கப்பட்ட மத்திய பாடசாலை ஆணைக்குழுவின் காலத்தில் அரசாங்கப் பாடசாலைகளிற் கிறிஸ்தவ போதனை நாளின் முதல் மணித்தியாலத்துக்குரியதாக இருந்தது. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். மனச்சாட்சிப் பிரிவு எனப்படும் ஏற்பாடு இதுவே. உதவிப்பணம் பெறும் மிஷன் பாடசாலைகளுக்கும் இதே நிபந்தனை நீளுவதை மிஷனரிமார் விரும்பவில்லை. ரிச்சர்ட் மோர்கன் தலைமையிலான குழு 1867இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் பயனாக 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அத்திணைக்களம் வகுத்த உதவி நன்கொடைத் திட்டம் பார்வைக்கு மிக நியாயமானது. வாசிப்பு, எழுத்து, கணிதம் போன்ற உலகியற் பாடங்களிற் பரிசோதகர் பரீட்சை நடத்துவார். சித்தியடைந்த மாணவர் தொகைக்கேற்பப் பணம் கிடைக்கும். சமய போதனையைப் பற்றி அரசாங்கம் எதுவும் கேளாது. எச்சமயத்தவரும் பாடசாலை நடத்தி இதே நன்கொடையைப் பெறலாம்.

சமயங்களுக்கிடையே நடுநிலை என்று இதற்குப் பெயர். ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் அரைவாசித் தூரம் ஓடி முடித்த பின்னர் அனைவருக்கும் ஒரே விதி என்று அறிவித்தால் எப்படியோ அப்படி அமைந்தது அந்நடுநிலை. கட்டடமும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் கடல்கடந்து வரும் பணமும் ஏற்கெனவே மிஷன்களிடமிருந்தன. நன்கொடையின் பெரும்பகுதி அவர்களுக்கே சென்றது. மனச்சாட்சிப் பிரிவும் இல்லாது போனமையால், ஒரேயொரு பாடசாலை மாத்திரம் உள்ள கிராமத்தில் சைவப் பெற்றோர் தம் பிள்ளையை வேதாகம வகுப்பிலிருந்து விலக்கிவைக்கக் கேட்கும் உரிமையையும் இழந்தனர். பரிசோதகர் கணக்கைப் பார்த்துப் பணம் கொடுப்பார். அக்கணக்கைப் படித்த பிள்ளைக்கு அவ்விடத்திலேயே வேறென்ன கற்பிக்கப்பட்டது என்பது அவருடைய புத்தகத்தில் இராது.

நாவலர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். சைவக் குடிமக்களிடம் அறவிடும் வரிப்பணத்தைக் கொண்டு சைவப் பிள்ளைகளைச் சைவத்திலிருந்து பெயர்ப்பது எந்த நீதி என்பதே அவரது வாதத்தின் சாரம். அவருடைய வித்தியாசாலை அரசாங்கத்திடம் உதவி கேட்டு ஏமாந்திருந்தது. தொடங்கி ஏறக்குறைய 22 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1870ஆம் ஆண்டளவிலேயே அதற்கு நன்கொடை கிடைத்தது. இதற்கிடையில் 1864இற் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார்.

1870இன் பின் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்ட நாவலர் 1872இல் யாழ்ப்பாணச் சமயநிலை என்ற பிரசுரத்தை வெளியிட்டார். மிஷனரிமாரைச் சாடியதிலும் பார்க்கத் தம்மவரையே அதிற் கூடுதலாகச் சாடினார். கோயிற் பணத்தைத் திருவிழா ஆடம்பரத்திற் செலவிட்டுப் பாடசாலைக்குக் கைவிரிக்கும் ஆலய முகாமையாளர்கள் அவருடைய எழுத்தாணியிலிருந்து தப்பவில்லை. அதே 1872இல் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை தொடங்கப்பட்டது. மிஷன் பாடசாலையின் உண்மையான கவர்ச்சி ஆங்கிலமே என்பதால் ஆங்கிலத்தைச் சைவச் சூழலிற் கொடுக்காதவரை மற்றெல்லா முயற்சியும் அரைகுறையென அவர் கண்டிருந்தார். கணிப்பு சரி. பணம் போதவில்லை. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் அப்பாடசாலை மூடப்பட்டது. திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கிற் செலவிட்ட ஊர் ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தாங்க மறுத்தது என்பதே நாவலர் வாழ்வின் மிகக் கசப்பான அத்தியாயம் என்று நமக்குத் தோன்றுகின்றது. குருபூசைப் பேச்சாளர் இதனை மறப்பது தற்செயலானதன்று.

அடுத்து வந்த பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் கஞ்சி வார்த்தமை, அரசாங்க ஏசண்டர் துவைனம் துரையின் நிர்வாகத்தைக் கண்டித்தமை, 1879இற் சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் நியமிக்கப்பட ஆதரவு திரட்டியமை ஆகியவை நன்கறியப்பட்டவை. திருமணம் செய்யாது, சொந்தத்துக்கென்று எதுவும் சேர்க்காது வாழ்ந்த அவர் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதி காலமானார். வயது 57ஐ எட்டவில்லை.

நாவலர் கேட்டது என்ன என்பதைத் துல்லியமாக நோக்க வேண்டும். பொதுப்பணம் பெறும் பாடசாலையிற் சமயமே கூடாது என்று அவர் கேட்கவில்லை. சமயமற்ற கல்வி அவருக்குக் கல்வியே அன்று. மிஷன் பாடசாலைக்குக் கிடைக்கும் அதே பணம், அதே நிபந்தனையின்றி, சைவப் பாடசாலைக்கும் கிடைக்க வேண்டுமென்றே அவர் கேட்டார். அவரவர் பிள்ளைக்கு அவரவர் பாடசாலை. இந்தத் தீர்வில் ஒரு பெரிய நியாயம் உண்டு. ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. அவரவர் பாடசாலைக்குள் அனுமதிக்கப்படாத பிள்ளை எங்கே செல்வது?

இது கற்பனைக் கேள்வியன்று. நாவலர் சாதி ஒழுங்கைச் சமய ஒழுங்கின் பகுதியாகவே கொண்டவர். அவரது நூல்கள் அதனை ஒளிக்கவில்லை, நாமும் ஒளிக்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த சைவச் சிறுவருக்கு அவருடைய பாடசாலைகளின் கதவு திறக்கவில்லை. அச்சிறுவருக்கு எழுத்தறிவு கிடைத்ததென்றால் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளிலேதான். அங்கும் சமமாக அல்ல, பலவிடங்களில் நிலத்தில் இருந்தே. வரி கொடுத்தவரின் பணம் என்ற வாதம் அவர்களுக்கும் பொருந்தும் என்பதை நாவலரின் நீதி எட்டவில்லை. அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதன்று. சில பாடசாலைகள் தீக்கிரையாகின. பொதுப்பணத்தை ஏற்போம், பொதுவிதியை ஏற்கமாட்டோம் என்ற மனப்பாங்கு அன்று வெளிப்படையாகத் தெரிந்தது. அன்றைய எதிர்ப்பாளர் செய்ததை 1879இல் இறந்தவர் தலையிற் சுமத்துவது நியாயமாகாது. எனினும் அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டே அதைச் செய்தவர்களும் இருந்தனர்.

நாவலர் வழியில் 1888இற் சைவபரிபாலன சபை எழுந்தது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் முகாமைக்குள் வந்தது. 1923இற் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றிக் கிராமங்களெங்கும் பாடசாலைகளை நிறுவியது. தெற்கிற் கேணல் ஒல்கொட்டின் வருகைக்குப் பின்னர் பௌத்தரும் இதே பாதையிற் சென்றனர். ஏற்கெனவே ஒரு பாடசாலை இருக்கும் இடத்திலிருந்து கால் மைல் தூரத்துக்குள் புதிய பாடசாலைக்கு நன்கொடை இல்லையென்று வகுக்கப்பட்ட விதி, முந்தி நிலம் பிடித்த மிஷன்களுக்கு வாய்ப்பாகவும் பிந்தி வந்த சைவருக்கும் பௌத்தருக்கும் இடராகவும் இருந்தது.

முஸ்லிம் சமூகத்தின் இடர் வேறு வகையானது. மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் ஈமானுக்கு ஆபத்து என்று அஞ்சிய பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலக் கல்வியிலிருந்தே விலக்கிவிட்டனர். சைவர் பாவனை செய்து படித்தனர். முஸ்லிம்கள் படியாமலே இருந்துவிட்டனர். கண்டியிற் பிறந்த சட்டத்தரணி எம்.சி.சித்திலெப்பை அவர்கள் (1838-1898) இதனை நன்குணர்ந்து 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார். 1884இற் கொழும்பில் அல்மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமியாவை நிறுவ உழைத்தார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒராபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோருடன் சேர்ந்த முயற்சியால் 1892இல் மருதானைப் பாடசாலை உருவாகி ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. குர்ஆனும் அரபும் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் ஒரே கூரையின்கீழ் என்பது சித்திலெப்பையின் திட்டம். பெண் பிள்ளைகளையும் அவர் மறக்கவில்லை. அவருக்கு எதிர்ப்பு பாதிரிமாரிடமிருந்து வந்ததிலும் பார்க்கத் தம் சமூகத்துக்குள்ளிருந்தே கூடுதலாக வந்தது. நாவலரையும் சித்திலெப்பையையும் அருகருகே வைத்து நோக்கும் வழக்கம் நம்மிடையே இல்லாதது வியப்புக்குரியது. தமிழ் மொழியில் அச்சியந்திரத்தைக் கொண்டு ஒரே நோய்க்கு மருந்து தேடிய இருவர் அவர்கள்.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் உதவி நன்கொடை முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் குடிபுகுந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் அரசாங்கத்திடம் சென்றன. நாவலர் நிறுவிய பாடசாலையின் வழிவந்த வண்ணார்பண்ணைப் பாடசாலையும் இன்று அவர் பெயரைத் தாங்கிய அரசாங்கப் பாடசாலையே. பெற்றோரின் சமயத்தையே பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டுமென்ற கொள்கை ஏற்கப்பட்டு, சமயம் க.பொ.த. சாதாரண தரம் வரை ஒரு கட்டாய பாடமாகவும் ஆனது. அரச செலவில் சைவநெறியும் இஸ்லாமும் பௌத்தமும் கிறிஸ்தவமும் தனித்தனிப் பாடநூல்களாக அச்சாகின்றன. நாவலர் கேட்ட பணம் அவர் கனவிலும் எண்ணியிராத அளவிற் கிடைத்துவிட்டது.

ஆனால் பாடசாலைகளின் பெயரும் பண்பும் சமயம் சார்ந்தனவாகவே நின்றுவிட்டன. 2018 ஏப்ரலில் திருகோணமலையில் ஓர் இந்துப் பெண்கள் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவது குறித்து எழுந்த சர்ச்சை வாசகர்களுக்கு நினைவிருக்கும். பாடசாலையின் சைவ மரபு காக்கப்பட வேண்டுமென்றனர் ஒரு சாரார். அரச சம்பளம் பெறும் ஊழியரின் சமய உடையை எவரும் தடுக்க முடியாதென்றனர் மறுசாரார். இரண்டும் நாவலரின் வாதங்களே. சைவச் சூழலிற் கல்வி என்பது அவர் பாடசாலை நிறுவியவராக நின்று கூறியது. நீற்றை அழித்துவிட்டு உள்ளே வா என்று சொல்லப் பொதுப்பணம் பெறுபவருக்கு உரிமை இல்லை என்பது அவர் மிஷன் வாசலில் நின்று கூறியது. முதலாவதைச் சொல்லும் சைவர் இரண்டாவதையும் அதே வாயாற் சொல்லக் கடமைப்பட்டவர். தம்மவர் பெரும்பான்மையாகவுள்ள பாடசாலையிற் பிற சமயப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் என்ன இடம் என்பதை முஸ்லிம் சமூகமும் அவ்வாறே பரிசீலிக்க வேண்டியுள்ளது.

அன்றாடம் இதனால் அல்லலுறுவோர் சிறு தொகையினரான பிள்ளைகளே. சைவப் பாடசாலையிற் பயிலும் நான்கு முஸ்லிம் பிள்ளைகளுக்காகவோ, முஸ்லிம் பாடசாலையிற் பயிலும் மூன்று சைவப் பிள்ளைகளுக்காகவோ ஒரு சமய ஆசிரியர் நியமிக்கப்படுவது அரிது. மலையகத்திலும் தெற்கிலும் சிங்கள மொழிப் பாடசாலைகளில் இரு சமூகத்துப் பிள்ளைகளுக்கும் இதே நிலை. சமய பாட வேளையில் அவர்கள் நூலகத்திலோ வகுப்பின் பின் வாங்கிலோ அமர்ந்திருப்பர். வார இறுதி அறநெறிப் பாடசாலையிலும் அஹதிய்யாவிலும் கற்றதைக் கொண்டு பரீட்சை எழுதுவர், அல்லது அருகிலிருப்போரின் சமயத்தையே பாடமாக எடுத்துக்கொள்வர். மாகாணக் கல்வித் திணைக்களங்கள் பாடசாலைவாரியாக இப்பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பகிரங்கப்படுத்த வேண்டும். அயற்பாடசாலைகள் இரண்டு மூன்றுக்கு ஒருவராகச் சுற்றுச் சமய ஆசிரியர்களை நியமிக்கவும் வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.